இல்லாதவரையும் எண்ணுதல்: போர் ஆய்வு பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களுள் ஏழு, வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதப்பட்டிருந்தாலும், போரை எவ்வாறு முறையாக ஆராய்வது என்ற ஒரே விடயத்தைச் சுற்றியே நின்றன. ஆகவே வழக்கமான பலசரக்கை ஒதுக்கிவிட்டு இப்பக்கங்களை அவற்றுக்கே தந்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருப்பது, அவர்களுள் மூவர் அவ்வாறு வேண்டிக்கொண்டதனாலாகும்.

கேள்வி (வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவி): சேர், இறுதியாண்டு ஆய்வுக்காக ‘மட்டக்களப்பு மாவட்டத்தில் போரின் தாக்கம்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பில் முன்மொழிவு கொடுத்தேன். ‘இதில் தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை’ என்று மேற்பார்வையாளர் திருப்பித் தந்துவிட்டார். நான் எதைத் திருத்த வேண்டும்?

பதில்: மேற்பார்வையாளர் உங்களுக்கு நல்லதொரு உதவி செய்திருக்கிறார். விடை வேறுவிதமாகவும் வந்திருக்கலாம் என்ற நிலை இருந்தால்தான் அது ஆய்வுக் கேள்வி. போர் தாக்கத்தை உண்டாக்கியதா என்று கேட்டால், இல்லை என்று சொல்லக்கூடிய ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒன்றுகூட இராது. விடை முன்னரே தெரிந்திருக்கும்போது நூறு வினாக்கொத்துகளை நிரப்புவது கடதாசிச் செலவு மட்டுமே.

ஆகவே தாக்கத்தைத் தேடாமல் வேறுபாட்டைத் தேடுங்கள். ஒரே வாவிக்கரையில், ஒரே வேளாண்மையை நம்பி, ஒரே ஆண்டில் இடம்பெயர்ந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் குடும்பங்கள் திரும்பிவந்து வயலைத் திருத்தி இரண்டு போகமும் செய்கின்றன; மற்றதன் வளவுகளிலோ இன்னும் பற்றைக்காடு. ஏன்? இப்போதுதான் உங்களிடம் கேள்வி இருக்கிறது. இதற்கு ஊரவர்களே பல விடைகளைச் சொல்வார்கள்: காணிக்கு ஒப்பம் (காணிப் பத்திரம்) இல்லை, யானைத் தொல்லை, பாதை இல்லை, வேலை செய்யக்கூடிய ஆண்கள் மிஞ்சவில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிறது. இவற்றையெல்லாம் ‘காரணிகள்’ என்று வரிசையாக அடுக்கிவிட்டு முடிவுரைக்குப் போவதுதான் நம் மாணவர்களின் பொதுவான வழக்கம். அவ்வாறு செய்யாமல் ஒவ்வொரு விடையும் வேறு எதை எதிர்பார்க்க வைக்கிறது என்று கேளுங்கள். ஒப்பம்தான் காரணமென்றால், திரும்பாத அதே ஊரில் ஒப்பம் வைத்திருப்பவர்களாவது கூடுதலாகத் திரும்பியிருக்க வேண்டும். யானைதான் காரணமென்றால், காட்டோரத்து வளவுகளும் வாவியோரத்து வளவுகளும் வேறுபட வேண்டும். எதைக் கண்டால் உங்கள் விளக்கத்தைக் கைவிடுவீர்கள் என்பதைக் களத்துக்குப் போகுமுன்னரே முன்மொழிவில் ஒரு பந்தியாக எழுதிவிடுங்கள். போய்வந்த பிறகு எழுதினால், மனம் தனக்கு வசதியானதையே எழுதும்.

அடுத்தது, யாரிடம் கேட்கப் போகிறீர்கள் என்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளிவிபரக் குழுவில் பணியாற்றிய ஆபிரகாம் வால்ட் என்பவரிடம், போரிலிருந்து திரும்பிவந்த குண்டுவீச்சு விமானங்களின் உடலில் எங்கெங்கே சூடு பட்டிருக்கிறது என்ற தரவு இருந்தது. கூடுதலாகச் சூடு பட்ட இடத்துக்குக் கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்ட் அதை மறுதலையாகப் பார்த்தார். இயந்திரப் பகுதியில் சூடு குறைவாக இருப்பது அங்கே சூடு படாததனால் அன்று. அங்கே பட்ட விமானங்கள் திரும்பிவராததனாலேயே. உங்கள் ஆய்வில் திரும்பிவந்த விமானங்கள் யார்? இன்று ஊரில் இருப்பவர்கள். மட்டக்களப்பு நகரத்தில் வாடகை வீட்டில் தங்கிவிட்டவர்களும், கனடாவுக்குப் போனவர்களும், இறந்துபோனவர்களும் உங்கள் வினாக்கொத்தில் இல்லை. ‘ஏன் திரும்பினீர்கள்’ என்று திரும்பியவர்களிடம் மட்டும் கேட்டால், ‘சொந்த மண்’ என்ற ஒரே விடைதான் வரும். திரும்பாதவருக்கும் அது சொந்த மண்தான் என்பதை அந்த ஆய்வு ஒருபோதும் கண்டுகொள்ளாது.

இதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இடப்பெயர்வுக்கு முந்திய ஊராரின் பட்டியலொன்றை முதலில் தேடுங்கள். பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைச் சேர்விடாப்பு, கூட்டுறவுச் சங்கத்தின் பங்காளர் பட்டியல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கக்கூடும். அரச அலுவலகத்தில் இருந்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து ஐம்பது குடும்பங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்கள் இப்போது எங்கிருந்தாலும் தேடிப் போங்கள். இன்று ஊரிலிருக்கும் இருநூறு பேரிடம் கேட்பதைவிட இந்த ஐம்பது பேர் பெறுமதியானவர்கள்.

கேள்வி (சம்மாந்துறை): எங்கள் வாப்பா, ‘நம்மட ஊர்ல யுத்தம் நடக்கல்ல, வன்செயல்தான் நடந்த’ என்று சொல்வார். நூல்களில் எல்லாமே ‘போர்’ என்றுதான் இருக்கிறது. எத்தனை பேர் இறந்தால் அது போர்?

பதில்: உங்கள் வாப்பா சொன்ன வேறுபாட்டை ஆய்வாளர்களும் செய்கிறார்கள், அவர் அளவுக்குத் தெளிவாக இல்லாவிட்டாலும்.

டேவிட் சிங்கர் 1963 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடக்கிய போர்த் தரவுத் திட்டம், ஓர் ஆண்டில் 1000 களச்சாவுகள் (ஆயுதத் தரப்புகள் ஒன்றோடொன்று பொருதும்போது நேரும் சாவுகள்) என்பதைப் போரின் எல்லையாக வைத்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத் திட்டம் அந்தக் கோட்டை மிகவும் கீழே இறக்கி, ஓராண்டில் 25 களச்சாவுகள் இருந்தாலே ஆயுத மோதல் என்று பதிகிறது. 1000 ஐ எட்டினால் அதனைப் போர் என்கிறது. (ஆயிரம் யானைகளைப் போரில் வென்றவனுக்கே பரணி பாடலாம் என்று நம் பாட்டியல் நூலார் வகுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் என்ற எண்ணின் மேல் உள்ள ஆசை புதியதன்று. தொல்காப்பியர் இந்த வகையில் நிதானமானவர். எண்ணாமல், ஆநிரை கவர்தல், படையெடுப்பு, மதில் முற்றுகை, நேருக்கு நேர் பொருதல் என்று செயலை வைத்தே வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை எனப் பிரித்தார்.)

கோடு எங்கே விழுகிறது என்பதைவிட, கோட்டுக்குள் எந்தச் சாவு எண்ணப்படுகிறது என்பதே நம் பகுதிக்கு முக்கியமானது. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் ஊரவர்கள் அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் எதிர்த்துச் சுட்டவர் எவருமில்லை. ஆகையால் இவை ‘களச்சாவு’ என்ற வரைவிலக்கணத்துக்குள் வரா. களச்சாவை மட்டும் எண்ணும் ஓர் ஆய்வாளர் 1990 ஆம் ஆண்டுக் கிழக்கைப் பற்றி எழுதினால், அந்த ஆண்டை நம்மவர்கள் எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்களோ அது முழுவதும் அவருடைய அட்டவணையிலிருந்து சத்தமின்றி நழுவிவிடும். உப்சாலாத் திட்டம் இதை உணர்ந்தே, அரசு ஒரு தரப்பாக உள்ள மோதல், அரசு சாராத தரப்புகள் தமக்குள் மோதுவது, ஆயுதமற்ற பொதுமக்கள் மீதான ஒருதலை வன்முறை என மூன்று தனித்தனிக் கணக்குகளை வைத்திருக்கிறது. உங்கள் வாப்பா ‘வன்செயல்’ என்பது பெரும்பாலும் மூன்றாவதில் அடங்கும்.

இந்தக் கோடுகளையே வேண்டாமென்ற ஒருவரும் இருந்தார். பிரித்தானிய வானிலை அறிஞர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், முதலாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்து அம்புலன்ஸ் ஓட்டியவர். தனியொரு கொலை முதல் உலகப் போர் வரை எல்லாவற்றையும் ‘உயிர்குடித்த சண்டைகள்’ என்ற ஒரே தராசில் நிறுத்தார். பூமியதிர்ச்சியை அளப்பதுபோல மடக்கை அளவு, அதாவது ஒரு படி ஏறினால் பத்து மடங்கு: ஒரு சாவு பூச்சியம், ஆயிரம் சாவு 3, பத்து இலட்சம் 6. ஆய்வுக்கு ஒரு வரைவிலக்கணம் தேவைதான். எதைத் தேர்ந்தாலும், அது யாரை வெளியே விடுகிறது என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஒரே சம்பவத்துக்கு ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்கள். எதை நம்புவது? கூட்டிப் பிரித்துச் சராசரி எடுக்கலாமா?

பதில்: சராசரி எடுக்கவே கூடாது, ஐயா. இரண்டு பிழைகளின் நடுப்புள்ளி சரியாக இருக்க வேண்டிய நியாயம் ஒன்றுமில்லை. மேலே சொன்ன காத்தான்குடிச் சம்பவத்துக்கே 103 என்றும் 147 என்றும் எண்கள் அச்சேறியுள்ளன. ஒவ்வோர் எண்ணிடமும் முதலில் கேட்க வேண்டியது, நீ எதை எண்ணினாய் என்பது. எந்த இடத்தில், எந்த நாள்வரை, காயப்பட்டுப் பின்னர் இறந்தவரையும் சேர்த்தா, பெயர் தெரிந்தவரை மட்டுமா? இதற்கே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு கணக்கு உண்டு. நீங்கள் கணிதம் கற்பித்தவரென்றால் இரசிப்பீர்கள். குளத்தில் எத்தனை மீன் என்று அறிய, ஒருநாள் பிடித்த மீன்களின் செட்டையில் அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுநாள் பிடிப்பதில் அடையாளமிட்டவை எத்தனை என்று பார்ப்பார்கள். பட்டியல்களுக்கும் அதே உபாயம் பொருந்தும். ஒரு பகுதியில் இறந்தவர்களைக் கோயில் பரிபாலன சபை எழுதிய பட்டியலில் 60 பெயர்கள் இருக்கின்றன என்றும், மனித உரிமை அமைப்பொன்றின் பட்டியலில் 50 பெயர்கள் இருக்கின்றன என்றும், இரண்டிலும் இருப்பவை 30 என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தமாக நமக்குத் தெரிந்த பெயர்கள் 80. ஆனால் 60 ஐ 50 ஆல் பெருக்கி 30 ஆல் வகுத்தால் 100 வருகிறது. அப்படியானால், ஏறக்குறைய இருபது பேர் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போயிருக்கிறார்கள். ஒன்றோடொன்று அதிகம் பொருந்தாத பட்டியல்கள், எழுதப்படாதவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதற்கான அறிகுறி.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே விதானையார் (கிராம அலுவலர்) இருவருக்கும் பெயர் கொடுத்திருந்தால் பொருத்தம் செயற்கையாகக் கூடி, மதிப்பீடு குறைந்துவிடும். அதனால்தான் மூன்று நான்கு பட்டியல்களை வைத்துச் செய்கிறார்கள். பெரு நாட்டின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2003 இல் இவ்வழியில்தான் 1980 முதல் 2000 வரையான மோதலில் 69,280 பேர் இறந்தோ காணாமற்போயோ இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதற்குப் பெயர் தெரிந்திருந்தவர்களோ ஏறக்குறைய 24,000 பேர்தான். ஆணைக்குழுவுக்குத் தெரியவந்தவர்களுள் நால்வரில் மூவர் கெச்சுவா முதலான பழங்குடி மொழிகளைப் பேசியவர்கள். தலைநகரில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் எவரைத் தவறவிடும் என்பதை இதைவிடத் துலாம்பரமாகக் காட்ட முடியாது. அந்த 69,280 உம் விமர்சனத்துக்கு உள்ளானது. பின்னர் 2019 இல் வேறோர் ஆய்வாளர் கணக்கைத் திரும்பச் செய்து அதைக் குறைத்தே மதிப்பிட்டார். தவறை மற்றவர் கண்டுபிடிக்கும்படி வழிமுறையைத் திறந்து வைத்ததே அந்த ஆணைக்குழுவின் பலம்.

நம் மாவட்டங்களுக்கு இன்னொரு சிக்கல். போருக்கு முந்திய அடிப்படை எண்ணுக்கு நாம் 1981 ஆம் ஆண்டுத் தொகைமதிப்புக்கே (சனத்தொகைக் கணக்கெடுப்புக்கே) போக வேண்டும். 1991 இல் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001 இல் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது; அவற்றுள் அம்பாறை உண்டு, மட்டக்களப்பு இல்லை. அடுத்தது 2012. அதாவது மட்டக்களப்புக்கு முழுமையான இரண்டு கணக்குகளுக்கு இடையே முப்பத்தொரு வருடங்கள். அந்த இடைவெளிக்குள் பிறந்தவர், இறந்தவர், வெளியேறியவர், திரும்பியவர் எல்லோரும் ஒரே கழித்தலுக்குள் கலந்து கிடக்கிறார்கள். சனத்தொகை இத்தனையால் குறைந்தது, ஆகவே இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று யாராவது எழுதினால் அந்தக் கழித்தலை நம்பாதீர்கள்.

கேள்வி (திருக்கோவில்): எங்கள் ஊரில் போராலும் கஷ்டம், சுனாமியாலும் கஷ்டம். இரண்டையும் பிரித்து ஆராய முடியுமா?

பதில்: முழுமையாக முடியாது, ஓரளவுக்கு முடியும். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை. அதே கடற்கரைக்குப் போரும் வந்துபோயிருந்தது. இன்று அங்கே ஒரு குடும்பம் வறுமையில் இருந்தால், எந்தக் கையால் விழுந்த அடி என்று வெறும் கண்ணால் சொல்ல இயலாது.

ஆனால் கிழக்கின் நில அமைப்பு நமக்கு ஓர் ஒப்பீட்டைத் தந்திருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களைப் போர் தொட்டது, கடல் தொடவில்லை. கடற்கரையோர ஊர்களை இரண்டும் தொட்டன. சுனாமிக்கு முன்னும் பின்னும் இந்த இரு வகை ஊர்களின் நிலையை எழுதினால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். கரையோரத்தில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து படுவான்கரையில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவதைச் சுனாமியின் பங்கு எனலாம். சுனாமி வராதிருந்தால் இரண்டும் ஒரே திசையில்தான் போயிருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தக் கழித்தல் நிற்கிறது. அந்த அனுமானம் இங்கே நொண்டுகிறது: சுனாமிக்குப் பின் உதவி நிறுவனங்கள் கடற்கரைக்கே வந்தன; வீடும் வள்ளமும் வலையும் கரையோரத்துக்குக் கிடைத்தன. ஆகவே நீங்கள் அளப்பது அலையின் பங்கை மட்டுமன்று; அலையோடு நிவாரணத்தின் பங்கும் அதில் சேர்ந்திருக்கிறது. அதை அப்படியே சொல்லிவிட்டால் ஆய்வு நேர்மையாக இருக்கும்.

இதே சுனாமியை வைத்து மாணவர்கள் விரும்பிச் செய்யும் இன்னோர் ஒப்பீடு ஆச்சே. இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுனாமிக்குப் பின், 2005 ஆகஸ்ட் 15 ஆம் திகதி ஹெல்சின்கியில் அரசுக்கும் ஆச்சேயின் பிரிவினை இயக்கத்துக்கும் இடையே சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. இங்கோ, நிவாரணத்தைக் கூட்டாகப் பகிர்வதற்கு அரசும் புலிகளும் 2005 ஜூனில் செய்த உடன்பாடே உயர்நீதிமன்ற இடைக்காலத் தடையுடன் நின்றுபோய், 2006 இல் போர் மீண்டும் மூண்டது. ‘அங்கே அலை சமாதானத்தைக் கொண்டுவந்தது, இங்கே போரைக் கொண்டுவந்தது’ என்ற வாக்கியத்தை எத்தனை கட்டுரைகளில் திருத்தியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. இரண்டே உதாரணங்கள்; அவற்றுக்கிடையே வேறுபாடுகளோ இருபது. ஆச்சே இயக்கம் 2003 இலிருந்தே கடுமையான இராணுவ நடவடிக்கையால் நலிந்திருந்தது. இங்கே புலிகள் 2002 யுத்தநிறுத்தத்தின் கீழ் நிலப்பகுதியை வைத்திருந்தார்கள். ஆனால் 2004 மார்ச்சில் கிழக்கில் அவர்களுக்குள் பிளவும் ஏற்பட்டிருந்தது. இத்தகைய இடத்தில் கூட்டல் கழித்தல் உதவாது, நாட்காட்டிதான் உதவும். ஆச்சேயில் பேச்சுக்கான இரகசியத் தொடர்புகள் அலை வருமுன்னரே தொடங்கிவிட்டன. காரியம் தொடங்கிய பின்னர் வந்ததை அதன் காரணம் என்று சொல்ல முடியாது. விரைவுபடுத்தியது என்று வேண்டுமானால் சொல்லலாம். நிகழ்வுகளைக் கிழமை கிழமையாக அடுக்கி, எது எதற்கு முந்தியது என்று தொடர்வதும் ஒரு முறைதான். புள்ளிவிபரம் தெரியாதவர்களின் மாற்றுவழி என்று அதை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி (வாழைச்சேனை): போர் ஆய்வுக்குப் புள்ளிவிபரவியல் கட்டாயமா? வகுப்புக்குப் பணம் கட்ட வசதியில்லை.

பதில்: வாசித்து விளங்கும் அளவுக்குக் கட்டாயம், செய்து காட்டும் அளவுக்கு இல்லை. ‘ஆர்’ என்ற மென்பொருள் இலவசம். உப்சாலாவின் தரவுகளும் இலவசம். 1989 இலிருந்து ஒவ்வொரு சம்பவத்தையும் இடத்தோடும் திகதியோடும் தரவிறக்கலாம். இலங்கைக்குரிய வரிகளைப் பிரித்தெடுத்து, உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு மாதத்தைத் தேடிப் பாருங்கள். அத்தரவு பெரும்பாலும் செய்தி அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டது. பத்திரிகையாளர் போக முடியாத இடத்தில் நடந்தது அதில் மெலிந்தே தெரியும். உங்களுக்குத் தெரிந்ததற்கும் அதில் இருப்பதற்கும் இடையே உள்ள இடைவெளியை ஒரு பக்கத்தில் எழுதினால், அதுவே உங்கள் முதற் பயிற்சி.

கேள்வி (அக்கரைப்பற்று, களப்பணியாளர்): கணவனை இழந்த பெண்களிடம் நேர்காணல் செய்யப் போகிறேன். ஒருவருக்கும் திகதி நினைவில்லை. சிலர் ஆயுதக் குழுக்கள் பற்றிக் கேட்டால் வாயே திறப்பதில்லை. என்ன வழி, சேர்?

பதில்: முதலில் என் தவறொன்றைச் சொல்கிறேன். முதன்முதலாக நான் களத்துக்குப் போனபோது, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஒரு பாடசாலையில், உதவிக்கு வந்த உத்தியோகத்தர் ஒருவரைப் பக்கத்தில் கதிரை போட்டு அமரவைத்துக்கொண்டு வினாக்கொத்தை நிரப்பினேன். ஒன்பது பேர் தொடர்ச்சியாக ஒரே விடையைச் சொன்னார்கள். ‘ஒருமித்த கருத்து நிலவுகிறது’ என்று பெருமையோடு குறித்துக்கொண்டேன். மறுகிழமை அயல்வீட்டுப் பெண்ணொருவரின் துணையோடு மட்டும் திரும்பப் போனபோது, அந்த ஒன்பதில் நான்கு மாறின. நான் முதல்நாள் அளந்தது அவர்களின் கருத்தை அன்று, என் பக்கத்துக் கதிரையை. உங்கள் மொழி, உடை, மதம், யாரோடு வருகிறீர்கள், எந்த நிறுவனத்தின் வாகனத்தில் இறங்குகிறீர்கள் என்பவையெல்லாம் விடைக்குள் புகும். அவற்றை நீக்க முடியாது; குறிப்பேட்டில் பதியலாம்.

திகதி விடயத்தில், அவர்களுக்கு நினைவில்லை என்பது சரியன்று; நம் நாட்காட்டியில் நினைவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டாம் முறை, பன்பாய் இழைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கணவன் பிடிபட்டது எப்போது என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே, ‘சின்னவனுக்குப் பல்லு முளைக்கக்குள்ள, மாமாங்கத் தீர்த்தம் முடிஞ்ச கிழமை’ என்றார். பிள்ளையின் கிளினிக் அட்டையில் பிறந்த திகதி ஜனவரி மாதம். பல் முளைப்பது ஆறு ஏழு மாதத்தில். மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசை. இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டின. பஞ்சாங்கத்தைப் பார்த்தபோது ஏழு நாட்களுக்குள் திகதி அடங்கிவிட்டது. அரச படிவங்களில் அதுவரை ‘திகதி தெரியாது’ என்றே இருந்தது.

ஆகவே நேர்காணலுக்கு முன் ஊருக்குரிய நிகழ்வு நாட்காட்டியொன்றைத் தயாரியுங்கள். 1978 நவம்பர் சூறாவளி, 1987 முதல் 1990 வரை இந்தியன் ஆமி நின்ற காலம், 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம் ஆகியவை பெரிய கம்பங்கள். அவற்றுக்கிடையே கண்ணகி அம்மன் வைகாசிச் சடங்கு, பெரும்போக விதைப்பு, வேளாண்மை வெட்டு, நோன்புப் பெருநாள் என்று சிறிய கட்டைகளை நடுங்கள். நோன்பு ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னகரும் என்பதால், ஆண்டு தெரிந்தால் மாதமும் கிடைத்துவிடும். ஒவ்வொருவருக்கும் பிள்ளைகளின் பிறப்பு, சாமத்தியம், கலியாணம் ஆகியவற்றையும் அதில் சேருங்கள்.

வாய் திறக்காத விடயத்துக்கு ஒரு சாமர்த்தியமான முறை இருக்கிறது. 2011 இல் ஆப்கானிஸ்தானின் பஷ்தூன் கிராமங்களில் போரிடும் தரப்புகளுக்கான ஆதரவை அளக்க அதைப் பயன்படுத்தினார்கள். பதிலளிப்போரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியினரிடம், ‘கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகிய மூன்றில் எத்தனையிடம் அக்காலத்தில் உதவி கேட்டீர்கள்? எதனிடம் என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும்’ என்று கேளுங்கள். மறுபாதியினரிடம் அதே மூன்றோடு ஆயுதக் குழுவை நான்காவதாகச் சேர்த்துக் கேளுங்கள். முதற்பாதியின் சராசரி 1.5 உம் மறுபாதியின் சராசரி 1.8 உம் என்றால், வித்தியாசமான 0.3, ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பேர் அந்தக் குழுவிடம் போயிருக்கிறார்கள் என்று காட்டும். ஆனால் அந்த முப்பது பேர் யார் என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் குறிப்பேட்டைப் பறிப்பவருக்கும் தெரியாது. ஒன்றை மறவாதீர்கள்: நான்கும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் வெளிப்பட்டுவிடுவார், ஆகவே எல்லாரும் கேட்டிருக்கக்கூடியவற்றை மட்டுமே பட்டியலில் அடுக்கக் கூடாது. நாற்பது ஐம்பது பேரை வைத்தும் இதைச் செய்ய இயலாது, பல நூறு பேர் வேண்டும். உங்கள் ஆய்வு சிறியதென்றால், கேட்காமல் விடுவதே மேல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர்களை ஒரு கொப்பியிலும் விடைகளை இன்னொன்றிலும் எழுதி, இரண்டையும் ஒரே பையில் கொண்டுதிரியாதீர்கள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்தால் அன்றிரவே வேறிடத்துக்கு மாற்றிக் கைபேசியிலிருந்து அழியுங்கள். ‘வீடு தருவீங்களா’ என்று நிச்சயமாகக் கேட்பார்கள். தரமாட்டேன் என்பதைத் தேநீர் வருமுன் சொல்லுங்கள், பிறகு சொன்னால் அது ஏமாற்று. அழத் தொடங்கினால் வினாக்கொத்தை மூடிவிட்டு இருங்கள். எழும்பி ஓடாதீர்கள், அடுத்த கேள்விக்கும் போகாதீர்கள்.

கேள்வி (கொக்கட்டிச்சோலை): எங்கள் மாதர் சங்கம் ஊரில் பாதிக்கப்பட்டோரின் விபரம் திரட்டுகிறது. படிவத்தில் ‘இறந்தோர்’, ‘இருப்போர்’ என்று இரண்டு கட்டங்கள். ஒரு தாய் தன் மகனை இரண்டிலும் போடக் கூடாது என்கிறார். நாங்கள் எதில் எழுதுவது?

பதில்: மூன்றாவது கட்டம் ஒன்றை வரையுங்கள். இது மனம் நோகக் கூடாது என்பதற்காக மட்டும் சொல்வதன்று, அளவீட்டுக்காகவும் சொல்வது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்யப்பட்டது. சிலர் காணி மாற்றவும் நட்டஈடு பெறவும் அதை எடுத்தார்கள். சிலர் எடுக்க மறுத்தார்கள். 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழும் வந்தது. ஆகவே ஒரே கிழமையில் ஒரே சந்தியில் பிடிபட்ட இருவருள் ஒருவர் இன்று அரச பதிவில் இறந்தவர், மற்றவர் காணாமற்போனவர். வேறுபாடு அவர்களுக்கு நேர்ந்ததில் இல்லை, பின்னால் வீட்டார் எடுத்த முடிவில் இருக்கிறது. பதிவுத் திகதியும் சம்பவத் திகதியும் பல ஆண்டுகள் விலகியிருக்கும். பதிவுத் திகதியை வைத்து வரைபடம் கீறினால், யுத்தம் முடிந்த பின் மரணங்கள் கூடியதாகத் தோன்றும்.

படிவத்தில் ‘நிலை’ என்ற கட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். முதலில் எழுத வேண்டியவை: கடைசியாக யார் கண்டது, எங்கே, எந்த உடுப்போடு, யாருடைய காவலில், அதன் பின் எந்தெந்த அலுவலகத்தில் எப்போது முறைப்பாடு செய்தது, என்ன சான்றிதழ் கையில் இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வரி வெறுமையாக விட்டு, அந்தத் தாய் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். ‘காணாமல் போனவர்’ என்று அவர் சொன்னால் அப்படி, ‘பிடித்துக்கொண்டு போனது’ என்றால் அப்படி. ‘காணாமலாக்கப்பட்டவர்’ என்று நீங்கள் திருத்தி எழுத வேண்டாம், அவர் சொல்லியிருந்தால் தவிர. தொகுக்கும்போது உறுதியான மரணங்களை மட்டும் ஒரு தொகையாகவும், காணாமற்போனோரையும் சேர்த்து இன்னொரு தொகையாகவும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எந்தக் கட்டத்துக்கு எந்த இலக்கம் என்ற வேலையைப் பின்னேரம் சங்கத்து மேசையில் வைத்துச் செய்யுங்கள். அவருடைய வீட்டு விறாந்தையில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்யாதீர்கள்.